ஆங்கில இலக்கணமும் அதன் காவலரும்

மொழி கெட்டுவிட்டது; இளையோர் பிழையின்றி எழுத அறியார்; பத்திரிகைக்காரரும் கடைக்காரரும் கூடி முன்னோர் காத்த செம்மையைக் குலைக்கின்றனர் என்னும் புலம்பல் இங்கிலாந்தில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஓய்ந்ததில்லை. புலம்பியோர் பெரும்பாலும் தமக்கு ஒன்றிரண்டு தலைமுறை முந்திய காலத்தையே மொழியின் பொற்காலமென்று கொண்டனர். அப்பொற்காலத்தவர் எழுதிய நூல்களைப் புரட்டிப் பார்த்தாலோ, தம் கண்முன்னே மொழி அழிகின்றதென்று அவர்களுங் கலங்கியிருப்பதைக் காணலாம்.

இக்கதை நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். இலங்கையிலும் இந்தியாவிலும் ஆங்கிலங் கற்றோர் அம்மொழியை வழக்கிலிருந்து கற்றவரல்லர், விதியிலிருந்து கற்றவர். வட இந்தியாவிற் கல்வி அதிகாரியாயிருந்த நெஸ்பீல்டின் இலக்கணத்தையும், அவருக்குப் பின் ரென், மார்ட்டின் இருவரும் எழுதிய இலக்கணத்தையும் மனனஞ் செய்து பரீட்சை எழுதிய தலைமுறைகள் பல. எனவே ஆங்கில இலக்கண விதிகள் யாவும் தொன்றுதொட்டு வருவன, ஐயத்துக்கு அப்பாற்பட்டன என்னும் நம்பிக்கை, அம்மொழிக்குரியவரைக் காட்டிலும் நம்மிடையே ஆழமாக வேரூன்றிவிட்டது. வரலாறு கூறுவது வேறு. மிக வன்மையாகக் காக்கப்பட்ட விதிகளுட் பல, தாம் கண்டிக்கும் வழக்குகளைவிட வயதில் இளையவை. அவற்றை யார் வகுத்தார், எப்போது வகுத்தார், எவருக்கு எதிராக அவை பயன்பட்டன என்று கேட்டாலன்றி அக்காவலின் பொருள் விளங்காது.

பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை ‘கிறமர்’ என்ற சொல் இங்கிலாந்தில் இலத்தீன் இலக்கணத்தையே குறித்தது. கிறமர் பாடசாலைகள் எனப்பட்டவை இலத்தீன் கற்பிக்க எழுந்தவையே. ஆங்கிலத்துக்கென முதன்முதல் அச்சேறிய இலக்கணம் 1586ஆம் ஆண்டு வில்லியம் புலோக்கர் எழுதிய சிறு நூலாகும். அதன்பின்னும் 1653இல் ஜோன் வாலிஸ் என்னும் கணித அறிஞர் எழுதிய ஆங்கில இலக்கணம் இலத்தீன் மொழியிலேயே எழுதப்பட்டது. ஆக, சோசரும் அவர் காலத்துப் புலவரும் தம் மொழிக்கு இலக்கண நூலொன்று இன்றியே எழுதினர். சோசர் ஒரே வாக்கியத்தில் எதிர்மறைச் சொற்களை இரண்டும் மூன்றுமாக அடுக்குவார். அடுக்கிய அளவுக்கு எதிர்மறை வலுப்பெற்றது. இரண்டு எதிர்மறை சேர்ந்தால் உடன்பாடாகிவிடும் என்று கணக்குப் பார்க்கும் வழக்கம் அந்நாளில் இல்லை. ஷேக்ஸ்பியரிலும் இவ்வடுக்கு உண்டு.

முதலிற் கோல் எடுத்தவர் கவிஞர் ஜோன் டிரைடன் எனலாம். ஆங்கிலத்தில் வேற்றுமைப் பொருள் தருஞ் சொற்கள், நம் உருபுகளைப் போலப் பெயரின் பின்னே ஒட்டி நில்லாமற் பெயருக்கு முன்னே தனித்து நிற்பவை. ஆயினும், பெயர் வாக்கியத்தின் தொடக்கத்துக்குச் சென்றுவிடும்போது அச்சொல் மட்டும் ஈற்றிலே தங்கிவிடுவது அம்மொழியின் பழைய இயல்பு. 1672இல் டிரைடன் தமக்கு முந்திய நாடகாசிரியர் பென் ஜோன்சனின் வரிகளை ஆராய்ந்து, இவ்வாறு முடிப்பது குற்றமென்றார். காரணம் எதுவும் கூறினாரில்லை. ஆனால், தாம் எழுதும் ஆங்கிலம் செவ்வியதா என்று ஐயுறும்போது அதனை இலத்தீனிற் பெயர்த்துப் பார்ப்பதுண்டென்று பிறிதோரிடத்தில் அவரே எழுதியுள்ளார். இலத்தீனில் அவ்வகைச் சொல்லை ஈற்றிலே தனித்து நிறுத்த இயலாது. தாம் 1668இல் வெளியிட்ட நாடகக் கட்டுரையை 1684இல் மறுபதிப்புச் செய்தபோது, அவ்வாறு முடிந்த தம் வாக்கியங்களையும் தேடித் தேடித் திருத்தினார். இதிலே வேடிக்கை யாதெனில், அவர் குற்றங் கண்ட பென் ஜோன்சன் தாமே ஓர் ஆங்கில இலக்கணம் எழுதியவர்; அவர் இறந்தபின் 1640இல் அது அச்சாகியது. தமிழை வடமொழியின் அளவுகோலால் அளந்த பிரயோக விவேகமும் அப்பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததே என்பது தமிழிலக்கண வரலாறு கற்றோர் நினைவுக்கு வரலாம்.

டிரைடனிடம் இருந்தது புலமைச் செருக்கு மட்டுமே. அரசியல் அச்சத்தைச் சேர்த்தவர் ஜொனதன் சுவிப்ட். 1642இல் உள்நாட்டுப் போர் மூண்டது. 1649இல் மன்னன் தலை வீழ்ந்தது. 1688இல் இன்னொரு மன்னன் நாட்டைவிட்டு ஓடினான். இவற்றுக்குப்பின் வந்த தலைமுறையின் ஆளுங் கூட்டத்துக்கு, நிலையாமை என்ற சொல்லே நடுக்கந் தருவதாயிற்று. ‘மொப்’ என்ற சொல் அப்போதுதான் ஆங்கிலத்தில் வேர்விட்டிருந்தது. நிலையற்ற பாமரக் கூட்டம் எனப் பொருள்படும் இலத்தீன் தொடரொன்றை நறுக்கிச் செய்த சொல் அது. சுவிப்ட் அதனை ஒழிக்கச் சில ஆண்டுகள் முயன்று, தொகையிற் பெரியோரால் தாம் தோற்கடிக்கப்பட்டதை 1710இல் ஒப்புக்கொண்டார். கும்பலைக் குறிக்கும் சொல்லைக் கும்பலே காப்பாற்றிவிட்டது! 1712இல் அவர் ஒக்ஸ்போர்ட் பிரபு றொபேட் ஹாலிக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். 1635இல் பிரான்ஸ் நிறுவியதைப்போன்ற மொழிக் கழகமொன்று இங்கிலாந்திலும் வேண்டும். மொழியைத் திருத்தி, அதன்பின் அதனை என்றென்றைக்கும் அசையாதபடி நிலைநிறுத்த வேண்டும் என்பது அவர் கோரிக்கை. ஓயாது மாறும் மொழியைவிடக் குறையுள்ளதாயினும் மாறாத மொழியே மேலென்பது அவர் கட்சி. 1714இல் ஆன் அரசி இறந்தார், ஹாலி வீழ்ந்தார், கழகம் கனவாயிற்று.

சாமுவேல் ஜோன்சன் 1747இல் தம் அகராதித் திட்டத்தை வெளியிட்டபோது அவரிடமும் இந்த ஆசை இருந்தது. 1755இல் அகராதி வெளிவந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் சொற்களோடு பட்ட பாடு அவரைத் தெளிவித்தது. மொழியை நிலைநிறுத்தலாமென்று தாம் எண்ணியது அறிவுக்கும் அனுபவத்துக்கும் பொருந்தாத எதிர்பார்ப்பென்று முன்னுரையிலேயே எழுதினார். அரசியலிற் பழைமைவாதியான ஜோன்சன் மொழி விடயத்தில் இவ்வாறு உண்மை பேசியது அவருடைய பெருமை. அவருக்குப் பின்வந்தோர் அகராதியை வாங்கினர், முன்னுரையை வாசித்தாரில்லை.

அந்நூற்றாண்டின் பிற்பாதியில் இலக்கண நூல்கள் மாரிகாலத்துக் காளான்போல முளைத்தன. மொழி அப்போதுதான் கெட்டதா? இல்லை. நாட்டின் பொருளியல் மாறியது. குடியேற்ற நாட்டு வணிகமும் புதிய ஆலைத்தொழிலும் செல்வத்தைப் பிரபுக்களின் கையிலிருந்து வணிகர் கைக்கு மாற்றிக்கொண்டிருந்தன. பணம் படைத்த வணிகனின் மகன் கனவானாக விரும்பினான். உடையைத் தையற்காரனிடமும் வண்டியைத் தச்சனிடமும் வாங்கலாம். பேச்சை யாரிடம் வாங்குவது? அதனை விற்க இலக்கண ஆசிரியர் முன்வந்தனர். மேலோரின் வழக்கைக் கற்றுத் தருவதாகவே அவர்கள் தொடங்கினர். ஆனால் விதிகளை வகுத்தபின் மேலோரின் வழக்கையே குற்றங் கூறலாயினர்.

இதற்குச் சிறந்த சான்று 1762இல் வெளியான றொபேட் லோத்தின் இலக்கணம். பின்னாளில் இலண்டன் அத்தியட்சராக உயர்ந்த லோத், தம் நூலின் அடிக்குறிப்புகளில் ஷேக்ஸ்பியர், மில்டன், போப், அடிசன், சுவிப்ட் ஆகியோரை ஒருவர்பின் ஒருவராக நிறுத்திப் பிழை திருத்தினார். வேதாகமத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பும் தப்பவில்லை. நூலாசிரியர் எவரும் வழுவின்றி எழுதவில்லையாயின், விதி எதிலிருந்து பிறந்தது? நம் இலக்கண மரபில் இலக்கியம் முந்தியது. அதனைக் கண்டே இலக்கணம் சொல்லப்படும். வழு, வழாநிலை என்ற இரண்டோடு நில்லாமல் வழுவமைதி என மூன்றாவதொன்றையும் நம்மவர் வைத்தனர். விதிக்கு மாறாயினும் சான்றோர் வழக்கில் நிலைத்துவிட்டதை அமைத்துக்கொள்ளும் அக்கதவு ஆங்கில இலக்கண வீட்டிலே வைக்கப்படவில்லை. (நம் பண்டிதர்கள் அக்கதவை எவ்வளவு திறந்து வைத்தனர் என்பது தனிக் கேள்வி.)

ஆயினும் லோத்துக்கு நாம் அநியாயஞ் செய்யலாகாது. டிரைடன் கண்டித்த அவ்வீற்றுச் சொல்லைப்பற்றி அவர் எழுதியது மென்மையானது. அது ஆங்கிலத்தின் இயற்கை; உரையாடலுக்குப் பொருந்தும்; பெருமிதமான நடைக்கு முன்வைத்தலே அழகு என்றார். அதைக் கூறும் வாக்கியத்திலேயே அவ்வழக்கைத் தாமும் கையாண்டிருந்தார். அவருடைய ‘அழகு’ அவரைப் பிரதிசெய்தோர் கையில் ‘விதி’யாயிற்று, பாடசாலைகளில் அடியும் ஆயிற்று. அவருக்கு ஓராண்டு முன், 1761இல், நான்விச் என்ற சிற்றூரிற் பள்ளி நடத்திய ஜோசப் பிரீஸ்ட்லி தம் மாணவருக்காக ஓர் இலக்கணம் எழுதியிருந்தார். பிராணவாயுவைப் பிரித்தறிந்தோருள் ஒருவராகப் பின்னாளிற் புகழ்பெற்றவர் இவரே. வழக்கே மொழிக்கு அதிகாரம். இரு வழக்குகள் போட்டியிட்டால் காலமே நடுவர். சுதந்திர மக்களுக்கு மொழிக் கழகம் பொருந்தாது என்பன அவர் கொள்கைகள். விஞ்ஞானி மொழியையும் விஞ்ஞானியாகவே நோக்கினார். திருச்சபையின் அதிகார மதத்துக்குப் புறம்பானவரும் பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்தவருமான அவருடைய வீட்டை 1791இல் பேர்மிங்காமில் ஒரு கும்பல் எரித்தது. அவர் 1794இல் அமெரிக்காவுக்குச் சென்றார். இங்கிலாந்தின் பாடசாலைகளில் வென்றது பிரீஸ்ட்லியின் வழியன்று. லோத்தைப் பின்பற்றி லிண்ட்லி மரே 1795இல் எழுதிய நூலே வென்றது. யோர்க் நகரத்துப் பெண்கள் பாடசாலையொன்றுக்காக அவர் எழுதிய அந்நூல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பதிப்புக்குமேற் பதிப்பாக விற்பனையாகியது.

விதிகள் பாடசாலைக்குள் மட்டும் நின்றிருந்தால் இக்கட்டுரைக்கு வேலையில்லை. 1793இல் ஷெபீல்ட் நகரத்து மக்கள் வாக்குரிமைச் சீர்திருத்தம் வேண்டிப் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்பினர். கத்தியும் கரண்டியுஞ் செய்யும் தொழிலாளரின் நகரம் அது. விண்ணப்பத்தின் மொழி சபைக்கு மரியாதைக் குறைவானதென்று கூறி அதனை ஏற்க மறுத்துவிட்டனர். கோரிக்கைக்கு விடை கூற வேண்டிய தேவையே எழவில்லை. வாக்குரிமை இல்லாதவன் அதனைக் கேட்பதற்கும் கனவானின் நடை வேண்டும். கனவானின் நடை வேண்டுமாயின் கனவானின் கல்வி வேண்டும்.

இதனை நன்குணர்ந்தவர் வில்லியம் கொபட். ஏர்பிடித்து வளர்ந்த அவர் 1784இல் படையிற் சேர்ந்தார். நாளுக்குச் சில காசே சம்பளம். லோத்தின் இலக்கணத்தைக் கையாற் பிரதிசெய்து, மனப்பாடம் பண்ணி, காவல் நிற்கும்போதெல்லாம் முதலிலிருந்து முடிவுவரை சொல்லிப் பார்த்தார். படுக்கை ஓரமே இருக்கை; முதுகுப் பையே புத்தக அலுமாரி; மடியில் வைத்த பலகையே மேசை. 1817இல் அரசு ஆட்களை விசாரணையின்றிச் சிறையிடும் அதிகாரத்தை எடுத்துக்கொண்டபோது, ஏழைகளின் பத்திரிகாசிரியராகிவிட்ட கொபட் அமெரிக்காவுக்குத் தப்பிச்சென்றார். அங்கே 1818இல் தம் மகனுக்கு எழுதிய கடிதங்களின் வடிவில் ஓர் இலக்கணம் வெளியிட்டார். பாடசாலைகளோடு, படைவீரர், மாலுமிகள், தொழில்பழகுவோர், ஏருழும் பையன்கள் ஆகியோருக்காகவே அந்நூல் எழுதப்பட்டதென்று அதன் முகப்பே கூறியது. பிழைக்கு உதாரணமாக அவர் உழவனின் பேச்சைக் காட்டவில்லை. மன்னனின் உரைகளையும் அமைச்சரின் கடிதங்களையும் காட்டினார். 1823ஆம் ஆண்டுப் பதிப்பில், அரசியல் தலைவர்கள் பிழையாக எழுதாமலிருக்க ஆறு பாடங்களையும் சேர்த்தார்!

கொபட் விதிகளை உடைத்தாரல்லர். லோத்தைவிடக் கண்டிப்பானவராகவே சில இடங்களில் அவர் காணப்படுகிறார். பூட்டைப் பழித்துக்கொண்டு வாசலில் நிற்பதைவிடத் திறப்பைக் கைப்பற்றுவது மேலென்று அவர் எண்ணினார். இன்றுவரை ஏழைப் பிள்ளைகளுக்கு மொழி கற்பிப்போர் முன்னுள்ள இக்கட்டு இதுவே. விதி நியாயமற்றதென்று பிள்ளைக்குச் சொல்லிவிட்டுப் பரீட்சை மண்டபத்துக்கு அனுப்ப முடியாது. விதியே நியாயமென்று சொல்லி அனுப்புவதும் பொய். கொபட்டின் வழி எனக்கு முழுமையாக உவப்பானதன்று. ஆனால் ஷெபீல்ட் விண்ணப்பத்தை நினைக்கும்போது அவரைக் குறைகூறவும் மனம் வருவதில்லை.

காவலர் தோற்ற போர்களை அவர்தம் வாரிசுகள் முற்றாக மறந்துவிடுவது இவ்வரலாற்றின் விந்தையான கூறு. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில், வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதற்கு ‘வீடு கட்டிக்கொண்டிருக்கிறது’ என்ற பாங்கிலேயே சொல்வர். செயப்படுபொருளைச் செய்தது போலக் கூறும் இம்முறை, ‘திண்ணை மெழுகிற்று’ என்பதைப் படித்த தமிழ் மாணவனுக்குப் புதியதன்று. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘இஸ் பீயிங் பில்ற்’ என்னும் புதிய செயப்பாட்டு வடிவம் தலைகாட்டியது. 1795இல் கவிஞர் றொபேட் சவுதியின் கடிதமொன்றில் இவ்வடிவம் உள்ளது. உடனே கூக்குரல் எழுந்தது. காட்டுமிராண்டித்தனம், தர்க்கத்துக்கு மாறானது, காதுக்குப் பொறாதது என்றெல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் எழுதினர். 1870இல் அமெரிக்கரான றிச்சர்ட் கிராண்ட் வைற் இதைக் கண்டிக்கத் தம் நூலில் ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கினார். இன்று ஆங்கிலத்தின் மிகப் பிடிவாதமான காவலரும் இவ்வடிவத்தை நாள்தோறும் எழுதுகின்றனர். ஒரு காலத்தில் இது வழுவாயிருந்தது என்பதே அவர்களுட் பலருக்குத் தெரியாது.

‘டு’ என்ற சொல்லுக்கும் வினைக்கும் இடையே அடைமொழியைப் புகுத்தலாகாது என்ற விதிக்கு அதிக நேரஞ் செலவிட வேண்டியதில்லை. பதினான்காம் நூற்றாண்டிலேயே காணப்படும் அவ்வழக்கைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான் கண்டிக்கத் தொடங்கினர். 1864இல் கன்ரபெரித் தேவாலயத்தின் தலைமைக் குரு ஹென்றி அல்போட் அக்கண்டனத்துக்குக் குரல் கொடுத்தார். 1871இல் பிரித்தானியாவும் அமெரிக்காவும் வாஷிங்டனில் ஒப்பந்தஞ் செய்தபோது, வேறு விடயங்களில் விட்டுக்கொடுக்கலாம், ஆனால் அவ்விடைச்செருகலை மட்டும் அனுமதிக்கலாகாதென்று இலண்டனிலிருந்து தந்தி வந்ததாம். தூதுக்குழுவிலிருந்த ஸ்டாபோர்ட் நோத்கோட்டின் வாழ்க்கை வரலாறு இதைக் கூறுகிறது. சிரித்துவிட்டு அப்பாற் செல்லலாம்.

சிரிக்க முடியாதது மூவிடப்பெயர்களின் கதை. முன்னிலையில் ஒருமைக்கு ‘தௌ’, பன்மைக்கு ‘யூ’ என்பது பழைய ஆங்கிலம். உயர்ந்தோரைப் பன்மையால் விளிக்கும் வழக்கம் பிரெஞ்சு அரசவையின் செல்வாக்கோடு வளர்ந்தது. ஒருவரைப் பன்மையாற் கூறுவதை உயர்த்துச் சொல்லும் உலக வழக்காகத் தொல்காப்பியர் அமைத்துக்கொண்டார். ‘அவர்’ என்பதையும் ‘நீங்கள்’ என்பதையும் ஒருவருக்கே ஆள்கின்ற நமக்கு இதில் வியப்பில்லை. ஆனால் பதினேழாம் நூற்றாண்டின் குவேக்கர் சபையினர் இதை எதிர்த்தனர். ஜோர்ஜ் பொக்ஸ் தம் தோழர் இருவருடன் சேர்ந்து 1660இல் பெரு நூலொன்று வெளியிட்டு, பல மொழிகளின் இலக்கணத்தையும் சான்றுகாட்டி, ஒருவனைப் ‘யூ’ என்பது பிழையும் முகத்துதியுமாகும் என்று வாதித்தார். பிரபுவுக்கும் நீதிபதிக்கும் முன்னால் ‘தௌ’ என்று பேசிய குவேக்கர்கள் ஏச்சும் அடியும் வாங்கினர். மொழி மாற்றத்தை எதிர்ப்போர் யாவரும் ஆளுங் கூட்டத்தின் பக்கமே நின்றனர் என்று எளிதாக எழுதிவிட இவ்வரலாறு இடந்தராது. இவர்கள் சமத்துவத்துக்காகப் பழைய வழக்கைக் காத்தவர்கள். எனினும் அவர்களுந் தோற்றனர். சமத்துவம் பொது வழக்கில் வேறு வழியாக வந்தது: எல்லாரையும் ‘தௌ’ என்று இறக்குவதற்குப் பதில் எல்லாரையும் ‘யூ’ என்று உயர்த்திவிட்டது மொழி. பன்மைச்சொல் ஒருமைக்கு வந்தபோது சாதாரண மக்கள் ‘யூ வோஸ்’ என்று ஒருமை வினை கொடுத்து ஒழுங்குசெய்யப் பார்த்தனர். படித்தவர்களும் அவ்வாறு எழுதினர். லோத் அதைப் பெருவழு என்று தள்ளினார்.

படர்க்கையிலும் இதேபோன்றதொரு வழக்கு உண்டு. ஆணா பெண்ணா என்று தெரியாத, அல்லது தெரிய வேண்டாத ஒருவரை ‘தே’ என்ற பன்மைச் சொல்லாற் சுட்டுவது பதினான்காம் நூற்றாண்டிலிருந்தே எழுத்திற் காணப்படுகிறது. ஜேன் ஒஸ்ரின் நாவல்களில் இது பலமுறை வரும். லிண்ட்லி மரே இதனை எண் வழுவாகக் கொண்டு, அவ்விடங்களில் ‘ஹீ’ என்ற ஆண்பாற் சொல்லை இடுக எனத் திருத்தினார். எண்ணைக் காக்கப் பாலைப் பலிகொடுத்தார் எனலாம். பெண்களின் பாடசாலைக்கென எழுதிய நூல் அது! 1850இல் பாராளுமன்றமே இதனைச் சட்டமாக்கியது. சட்டங்களின் சொற்பெருக்கத்தைக் குறைப்பதற்கான அச்சட்டத்தின்படி, வேறுவிதமாக வெளிப்படையாகக் கூறப்படாவிடின் ஆண்பாற் சொல் பெண்ணையும் அடக்கும்.

நல்லது, அடக்கட்டும் என்றனர் பெண்கள். 1867ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம், குறித்த தகுதியுடைய ஒவ்வொரு ‘மான்’ இற்கும், அதாவது ஆடவனுக்கும், வாக்குரிமை அளித்தது. அச்சட்டம் விவாதிக்கப்பட்டபோதே, அச்சொல்லை நீக்கி ‘ஆள்’ எனப் பொதுப்படும் ‘பேர்சன்’ என்ற சொல்லை இடும்படி ஜோன் ஸ்டுவர்ட் மில் திருத்தம் கொண்டுவந்தார். ஆதரவாக 73 வாக்கும் எதிராக 196 வாக்கும் விழுந்தன. திருத்தம் தோற்றாலும் 1850ஆம் ஆண்டுச் சட்டம் இருந்ததல்லவா? மான்செஸ்ரரில் 5,346 பெண்கள் வாக்காளராகப் பதியக் கோரினர். வீட்டு வரி கட்டியவர்கள். ‘ஹீ’ என்று விதித்த தண்டனைச் சட்டங்களுக்கு எவ்வித விலக்குமின்றி உட்பட்டவர்கள். வழக்கு 1868 நவம்பரில் வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்த உயர் நீதிமன்றங்களுள் ஒன்றின் முன் வந்தது. அவர்களுக்காக வாதாடியோருள் றிச்சர்ட் பாங்கேஸ்ற் ஒருவர். பெண் வாக்குரிமைப் போராட்டத்தின் தலைவியாகப் பின்னாளில் விளங்கிய எமலினின் கணவரானவர் அவர். நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர்: இச்சட்டத்தில் அச்சொல் பெண்களை அடக்காது, அத்தகைய உரிமைக்குப் பெண்கள் சட்டப்படி தகுதியற்றவர்கள்.

வரி கட்டும்போது ஆண்பாலில் அடங்கிய பெண், வாக்களிக்கும்போது அடங்கவில்லை. ஆண்பாற் சொல் இரு பாலுக்கும் பொதுவென்பது இலக்கண நியதியானால், அது எல்லா இடத்தும் ஒருபடித்தாகவே இயங்கவேண்டும். நீதிமன்றத்தில் அது இயங்காமற்போனபோது, அவ்விதியைப் பாடசாலையிற் காத்த இலக்கணகாரர் எவரும் விதிமீறலென்று கொதித்தெழுந்ததாக நான் படித்ததில்லை. ‘பேர்சன்’ என்ற சொல்லும் பெண்களைக் காக்கவில்லை. கனடாவின் மூதவைக்கு நியமிக்கத் தகுந்த ‘ஆட்களில்’ பெண்கள் அடங்கார் என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1928இல் கூறியது; அடங்குவர் என்று இலண்டன் பிரிவி கவுன்சில் 1929இல் அதை மாற்றவேண்டியிருந்தது. ஒருமைக்கு ‘தே’ வருவதை அமெரிக்க உளவியற் சங்கம் 2019இல் தன் எழுத்துநெறி நூலில் ஏற்றுக்கொண்டது. எண் வழு, எண் வழு என்று இன்றும் சினப்பவர் அச்சினத்தை வெளியிடும்போது எதிரிலிருப்பவரை ‘யூ ஆர்’ என்றுதான் விளிக்கின்றனர்.

இருபதாம் நூற்றாண்டில் போர்க்களம் அமெரிக்காவுக்குப் பெயர்ந்தது. சார்ள்ஸ் பிறீஸ் என்ற பேராசிரியர் பொதுமக்கள் தம் அரசாங்கத்துக்கு எழுதிய கடிதங்களைத் திரட்டி ஆராய்ந்து 1940இல் ஓர் இலக்கணம் வெளியிட்டார். படித்தவர் கடிதங்களிலும் பாடநூல் விதிகள் பல பேணப்படவில்லை. பிரீஸ்ட்லியின் வழி மீண்டும் உயிர்பெற்றதெனலாம். ஆயின் 1961இல் வெப்ஸ்ரர் அகராதியின் மூன்றாம் பெரும்பதிப்பு, சொற்களைக் கண்டிப்பதைக் குறைத்து வழக்கிலுள்ளதைப் பதிவுசெய்தபோது எழுந்த கூச்சல் சுவிப்டையும் நாணச் செய்திருக்கும். ‘ஏய்ன்ற்’ என்ற பாமரச் சொல்லுக்கு அகராதி இடங்கொடுத்ததென்று பத்திரிகைகள் அலறின. முந்திய பதிப்பிலும் அச்சொல் இருந்ததே என்பதைப் பலர் கவனித்தாரில்லை. நியூயோர்க் ரைம்ஸ் தன் அலுவலகத்தில் 1934ஆம் ஆண்டின் பழைய பதிப்பையே தொடர்ந்து பயன்படுத்தப்போவதாக அறிவித்தது. அமெரிக்கன் ஹெரிற்றேஜ் நிறுவனம் அகராதிக் கம்பனியையே விலைக்கு வாங்கிவிட முயன்று, அது கைகூடாமல், 1969இல் தன் சொந்த அகராதியை வெளியிட்டது. சொற்களுக்குத் தீர்ப்பளிக்கப் பிரமுகர் குழுவொன்றும் அதில் அமைக்கப்பட்டது.

அகராதி வாங்கும் வகுப்பாரின் சச்சரவு இது. அகராதி வாங்காதவர் நிலை என்ன? சோசர் அடுக்கிய எதிர்மறைகள் பாடநூலிலிருந்து விரட்டப்பட்டாலும் மக்களின் வாயிலிருந்து விரட்டப்படவில்லை. இலண்டன் தொழிலாளரின் பேச்சிலும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சிலும் அவை வாழ்ந்தன. கறுப்புப் பிள்ளைகளின் மொழி மொழியேயன்று, சிந்தனைக் குறைபாட்டின் அடையாளம் என்று கல்வியியலாளர் சிலர் எழுதிய காலத்தில், வில்லியம் லபோவ் நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில் அப்பிள்ளைகளின் பேச்சைப் பதிவுசெய்து, அது தனக்கென ஒழுங்கான விதிகளையுடைய மொழிவழக்கே என்று 1960களின் இறுதியில் நிறுவினார்.

மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆபர் நகரில் மார்ட்டின் லூதர் கிங்கின் பெயர் தாங்கிய ஆரம்பப் பாடசாலையொன்றுண்டு. பெரும்பாலும் வசதிபடைத்த வெள்ளையர் பிள்ளைகள் படித்த அப்பாடசாலைக்கு, அருகேயிருந்த ஏழைகளின் குடியிருப்பிலிருந்து சில கறுப்புப் பிள்ளைகளும் வந்தனர். அப்பிள்ளைகள் வாசிப்பிற் பின்தங்கினர். கற்குந் திறன் குறைந்தோர் என்றும் மனக்கோளாறுடையோர் என்றும் அவர்களுட் பலருக்கு முத்திரை குத்தப்பட்டது. தாய்மார் 1977இல் வழக்குத் தொடுத்தனர். லபோவும் ஜெனீவா சிமிதர்மனும் சாட்சி கூறினர். 1979 யூலை 12ஆந் திகதி நீதிபதி சார்ள்ஸ் ஜோய்னர் தீர்ப்பளித்தார். பிள்ளைகள் வீட்டிற் பேசும் மொழியைக் கணக்கிலெடுக்காது ஆசிரியர் கற்பித்ததே கல்விக்குத் தடையாயிற்று என்று கண்டு, முப்பது நாளுள் ஒரு திட்டம் வகுக்கும்படி கல்விச் சபைக்குப் பணித்தார். அத்திட்டத்தின்படி அவ்வாண்டு மேலதிக வகுப்புகளுக்குச் சென்று, கறுப்பு மக்களின் ஆங்கிலத்துக்கு எதிர்மறை எவ்வாறு அமையும், வினைமுற்று எவ்வாறு அமையும் என்று பாடங் கற்றவர்கள், அப்பாடசாலையின் ஆசிரியர்கள்.